கோத்தகிரியில் ஒரு டைப் 77

ஜனவரி 19
பள்ளியில் காட்சிக்கு வைக்கப்போகும் பழைய மிக்-21 போர் விமானம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ராத்திரி போக்குவரத்து அடங்கின பிறகு இரண்டு லாரிகளில் ஏறி, விடியற்காலை நாலு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நின்றது. மிக்-21ஐ இரண்டாகப் பிரிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இறக்கைக்குப் பின்னால் உடம்பையே பிரித்து வாலை உருவ வேண்டும். தேஜ்பூர் விமானப்படைத் தளத்தில் அந்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிய நாட்களில், இதை வடிவமைத்த ரஷ்யரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இன்றைக்குக் கொண்டை ஊசி வளைவில் லாரி ஒடித்துத் திரும்பியபோது அந்த மகராசனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இது டைப் 77, மிக்-21இல் ஒரு வகை. 1971 போரில் பறந்த ரகம், 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மிக்-21 வகையில் மிச்சமிருந்தவற்றுக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பு விழா நடந்தது. டிவியில் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அது வேறு கதை.

ஜனவரி 22
இன்ஜின் இல்லை. ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறிய வெடி கேட்ரிட்ஜோடு இருக்கும் சீட்டும் இல்லை, நல்லது. ஆனால் காக்பிட்டில் பழைய டயல்கள் நாலைந்து அப்படியே இருக்கின்றன. இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூசுவார்கள். "சுரண்டிப் பார்க்காதீங்க" என்று பையன்களை விரட்டிவிட்டு, தனியாகப் பெட்டியில் கட்டி வைத்தேன். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதுமாறு பள்ளி முதல்வரிடம் சொல்லியாயிற்று.

ஜனவரி 30
பெயின்ட் உரித்தல். மேலே பளபளவென்று இருந்தது. இடையில் யாரோ ஒருவர் கழுவாமலேயே மேலே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இடது இறக்கையின் அடியில் ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்ததை நகத்தால் கீறினேன். உள்ளே திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி. அலுமினியத்தின் துரு அதுதான், சிவப்பாக வராது. விரலை அழுத்தினால் தகடு அப்பளமாக நொறுங்கியது. யாரோ பழைய ஸ்க்ரூவுக்குப் பதில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் சேர்ந்து, நடுவில் மூடுபனியின் ஈரமும் புகுந்தால் அது பேட்டரிதான். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். மொத்தம் 41 ஸ்க்ரூ மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 8
அஸ்திவாரக் குழி. நீலகிரியில் ஜேசிபி இறக்க அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் காத்திருப்பதைவிட ஆளே மேல் என்று கடப்பாரை, மண்வெட்டியோடு ஆறு பேர். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் இங்கே சரிவின் விளிம்பில் கனமாக எதையும் நிறுத்த மாட்டார்கள். குழியை மைதானத்தின் உள்பக்கம் தள்ளி வைத்தோம். டீயும் வர்க்கியும் பள்ளிச் செலவு.

பிப்ரவரி 15
இன்றைக்கு வாக்குவாதம். சக்கரத்தின் மேல் நிற்கட்டும் என்பது என் கட்சி. முதல்வருக்கு ஒரு தூணின் மேல் மூக்கைத் தூக்கி, இடதுபக்கம் சாய்ந்து, மேலே கிளம்புகிற மாதிரி வேண்டும். நான் தோற்றேன். சரி, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

படம் போட்ட தம்பி தூணைப் பறக்கும் விமானத்தின் எடை மையத்தில் வைத்திருந்தான். பின்பக்கமிருந்து ஒரு டன்னுக்கு மேல் இன்ஜின் போய்விட்டதே! கிரேனில் பெல்ட் போட்டு அரை அடி தூக்கிக் காட்டினேன். மூக்கு டபக்கென்று கீழே போனது. "நகர்த்திடலாங்ண்ணா" என்றான். இன்னொன்றும் சொன்னேன்: தூக்கிய மூக்கோடு நிற்கும் இறக்கையில் மலைக்காற்று அடித்தால் அது இறக்கையின் வேலையைத்தான் செய்யும். போல்ட்டுகள் விமானத்தை விழாமல் பிடித்தால் போதாது, பறக்காமலும் பிடிக்க வேண்டும்.

மார்ச் 3
இதற்காகத்தான் சக்கரம் கேட்டேன். விமானத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. எல்லாம் அது சக்கரத்தில் நிற்கும்போது எது பள்ளமோ அங்கே. சாய்த்து வைத்தால் பள்ளம் இடம் மாறிவிடும், ஓட்டை மேட்டில் இருக்கும்.

கட்டையும் ஜாக்கியும் வைத்துச் சரியாக அதே கோணத்தில் சாய்த்தோம். ஏணியில் ஏறி முதுகுப் பக்கத் திறப்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எங்கே போயிற்று? வெல்டர் பையன் வாலில் காதை வைத்துக் கேட்டான். "உள்ளார கொளகொளங்குதுங்ண்ணா." அங்கேதான் முதல் ஓட்டை போட்டோம். சுண்டுவிரல் பருமன். மூன்று குடம் ஊற்றி நான்கு ஓட்டை. இடது இறக்கை நுனியில் ஐந்தாவது. ஓரமெல்லாம் பிரைமர்.

மார்ச் 21
ஏற்றியாயிற்று. மூடுபனி விலகப் பதினொரு மணி வரை கிரேன் வாடகை ஓடியது. தூணின் இரும்புக்கும் விமானத்துக்கும் நடுவில் நைலான் தகடு. இறக்கை மாட்டும் ஃபிரேமிலேயே பிடித்திருக்கிறோம், வெறும் தகட்டில் இல்லை. முன்வாய்க்கும் பின்வாய்க்கும் வலை. மைனா ஜோடி ஒன்று முந்தின நாளே வீடு பார்த்துவிட்டுப் போனது.

ஏப்ரல் 9
முதல் கோடை மழை. குடையோடு போய் அடியில் நின்றேன். நான்கு ஓட்டையிலும் நூல் மாதிரி ஒழுகுகிறது. இறக்கை நுனியில் மட்டும் ஒன்றும் இல்லை. வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி ஏறிப் பார்த்தால், ஓட்டையை மண்ணால் அழகாகப் பூசி வைத்திருக்கிறது ஒரு குளவி. கம்பியால் குத்தினேன். ஒரு சொம்பு தண்ணீர் நேராகச் சட்டைக் கைக்குள் இறங்கியது.