உப்புக்காத்தும் ஓட்டோ ஹூட்டும்

திருகோணமலைக் கடற்கரையோரம், நிலாவெளிப் பக்கம் ஓடுற ஓட்டோ ஒண்டு நேற்று கடைக்கு வந்தது. ஹூட் (மேல்மூடி) ரெக்சின், அதான் செயற்கைத் தோல், நல்லாத்தான் இருக்கு, தையல் மட்டும் பிரிஞ்சு தொங்குது. யாரோ பருத்தி நூலில தைச்சிருக்கிறாங்க! வெயிலும் உப்புக்காத்தும் அதை விட்டுவைக்குமா?

நான் போடுறது பொலியெஸ்டர் நூல், 18ஆம் நம்பர் ஊசி. தையல் நீளம் 4 மில்லிமீற்றர் வரவேணும். நெருக்கித் தைச்சா, முத்திரை கிழிக்கிற மாதிரி ஓட்டை வழியே கிழிஞ்சு வரும். குண்டூசியும் குத்தாதீங்க, ரெக்சினில விழுந்த ஓட்டை மூடாது. கிளிப் போதும். (கொடியில இருந்த உடுப்புக் கிளிப்பை எடுத்து மனிசியிட்ட பேச்சு வாங்கினது வேற கதை.)

மாட்ட முதல் கொஞ்ச நேரம் வெயிலில விரிச்சுப்போடுங்க. இளகினாத்தான் சுருக்கமில்லாம இழுபடும். சீற்றுக்கு அடிக்கிற ஸ்டேப்பிள் பின்னும் துருப்பிடிக்காத எஃகா இருக்கட்டும். விலை கூடத்தான், ஆனா துருக்கறை ரெக்சினுக்கு வராது.