கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு முன் ஒரு ஈசிஜியோடு பழகுங்கள்

மருத்துவத் தொழில்நுட்பத்தில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குப் போக விரும்பும் தம்பி தங்கைகள் பலர் ஏப்ரலில்தான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாத ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாக நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்கு அதற்கப்புறம் அழைப்பு வரும். எதுவானாலும், தீபாவளி முடிந்த கையோடு வேலையில் இறங்கிவிடுங்கள்.

"மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு எனக்குப் பிடிக்கும்" என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் மருத்துவத் தரவுகளைப் பகிரும் பிசியோநெட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி (இதயத் துடிப்பின் மின் பதிவு) தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 1975 முதல் 1979 வரை பாஸ்டனில் 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நொடிக்கு 360 மாதிரிகள் (அளவீடுகள்). ஒவ்வொரு துடிப்பையும் இதய மருத்துவர்கள் பார்த்து, அது என்ன வகை என்று குறித்திருக்கிறார்கள்.

இதில் கைவைத்தால்தான் சில விஷயங்கள் பிடிபடும். மின் இணைப்பின் அதிர்வு ஈசிஜியில் இரைச்சலாகக் கலந்துவிடும்; அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. இணையத்தில் கிடைக்கும் இரைச்சல் வடிகட்டி நிரலில் 60 என்று இருந்தால், நம் ஆஸ்பத்திரி ஈசிஜியில் இரைச்சல் அப்படியே நிற்கும். என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் பேச்சிலேயே கேட்டது இதைத்தான். அதேபோல, துடிப்புகளை வகைப்படுத்த நீங்கள் எழுதும் நிரலுக்கு 99 சதவீதத் துல்லியம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே நோயாளியின் துடிப்புகள், நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தரவிலும் அதைச் சோதித்துப் பார்க்கும் தரவிலும் கலந்திருக்கலாம். துடிப்பு வாரியாக இல்லாமல் ஆள் வாரியாகப் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

இடம் கிடைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா என்பது. நோயாளிகளின் தரவைத் தொட அது கட்டாயம். எனக்குத் தெரிந்த ஒரு தோழிக்கு அந்த ஒப்புதலுக்காகக் காத்திருந்தே கோடை கழிந்துவிட்டது. பாவம், அவ்வளவு ஆசையோடு போனாள். தங்குமிடம், உதவித்தொகை பற்றியும் அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டுக்குள் போக அனுமதி கிடைத்தால் ஈசிஜி காட்டும் மானிட்டரைவிட அதைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரைக் கவனியுங்கள். "வேர்வையில எலக்ட்ரோடு ஒட்டவே மாட்டேங்குது தம்பி, புரண்டு படுத்தாலே அலாரம் அடிக்குது" என்று ஒரு சிஸ்டர் சொன்ன பிறகுதான் என் வேலையே திசை மாறியது. துடிப்பை வகைப்படுத்துவதற்கு முன், வரும் சிக்னல் நம்பத்தக்கதா என்று பார்க்கும் ஒரு படியைச் சேர்த்தோம். துல்லியத்தில் இன்னொரு சதவீதம் கூட்டுவதைவிட அந்த வார்டுக்கு இதுதான் பெரிய உதவி என்று இன்றும் நம்புகிறேன்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அடுத்து வருபவர் இயக்கிப் பார்க்கும்படி நிரலையும் குறிப்புகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்; அப்போதுதான் நீங்கள் செய்த வேலை பேராசிரியருக்குப் பசுமையாக நினைவிருக்கும்.