கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

அக்டோபர் 19

புயல் கரையைக் கடக்க இன்னும் மூன்று நாள். கால்நடை மருத்துவராக, காலையிலிருந்து கொட்டகை கொட்டகையாகப் போய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போக முடிந்தால் இன்றே ஓட்டிப்போங்கள், முடியாவிட்டால் தண்ணீர் வருமுன் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாடு நன்றாக நீந்தும். கட்டிப்போட்ட மாடுதான் சாகும்.

"அவிழ்த்துவிட்டா எங்கேயாவது போயிடுமே டாக்டர்?" என்றார் ஓர் அம்மா.

"காதுல எண் போட்ட வில்லை இருக்கும்மா, தேடிப் பிடிச்சிடலாம்" என்றேன். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு ஒன்றையும் காட்டினேன். கயிற்றின் நுனியை மடித்துச் செருக வேண்டும், அவ்வளவுதான். அவர் மகள் தூணில் நான்கைந்து முறை போட்டுப் பார்த்தாள்.

எண் அழிந்த காதுவில்லைகளை மாற்றினோம். வில்லை இல்லாதவற்றை உரிமையாளரோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம்.

அக்டோபர் 20

ஆலோசனைக் கூட்டத்தில் படகு, முகாம், மின்சாரம், குடிநீர் எல்லாம் பேசினார்கள். கால்நடை என்ற சொல் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வந்தது, அதுவும் நான் கை தூக்கியதால்.

கூட்டம் முடிந்து போனால், ஒரு பெரியவர் முகாமுக்கு வரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பசு, ஒரு கன்று. இதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது? 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலின்போது, வளர்த்த நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் வெள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். மறு ஆண்டே, வெளியேற்றத் திட்டத்தில் செல்லப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. 2010இல் இந்தோனேசியாவின் மெராப்பி எரிமலை வெடித்தபோது, முகாமில் இருந்தவர்களே மாட்டைப் பார்க்க ஆபத்துப் பகுதிக்குத் திரும்பிப் போனார்கள். மாட்டுக்கு இடம் கொடுத்தால்தான் மனிதர் வருவார்.

முகாமை ஒட்டிய மேட்டில் மாடுகளுக்கு இடம் கேட்டு வாங்கினேன். மாலையில் பெரியவர் கன்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார், பசுக்கள் பின்னால்.

அக்டோபர் 22

தண்ணீர் இடுப்பளவு. ஒரு கொட்டகையில் மூன்று மாடுகள், மூன்றும் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. நனைந்த கயிறு இறுகிப்போய் முடிச்சை விரலால் தளர்த்தவே முடியவில்லை, கத்தி வைத்து அறுத்தோம். ஒன்றின் கழுத்தில் கயிறு தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. எவ்வளவு நேரம் இழுத்திருக்கும்! அந்தக் கொட்டகைக்கு 19ஆம் தேதி நான் போகவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது.

அக்டோபர் 23

தண்ணீர் வடியத் தொடங்கியது. தூக்கம் இல்லை.

அக்டோபர் 24

இன்று வெள்ளத்தால் அல்ல, தீவனத்தால் ஒரு பசுவை இழந்தோம். பசித்துக் கிடக்கிறதே என்று யாரோ நல்ல மனதோடு மூட்டைத் தானியத்தைக் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த பசு வயிறு முட்டத் தின்றுவிட்டது. தானியம் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியால் அழுத்தினேன், பிசைந்த மாவில் குழி விழுவதுபோல் அப்படியே நின்றது. அசைபோடவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது, சாணம் தண்ணீராகப் புளித்த வாடையோடு போனது. சோடா உப்புக் கரைசலை உள்ளே செலுத்தி, நரம்பில் திரவம் ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. கூடத் தின்ற மற்ற இரண்டும் மெல்லத் தேறுகின்றன.

நிவாரணம் கொண்டுவருபவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன்: முதலில் சுத்தமான தண்ணீர், அப்புறம் வைக்கோல். தானியம், மாவு, சமைத்து மிஞ்சியது எதுவும் வேண்டாம். பால் மாட்டுக்குத் தண்ணீர் மட்டுமே ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் வேண்டும்.

அக்டோபர் 26

நாள் முழுக்கப் புதைகுழி. கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். ஒரு மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிந்திருந்தது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். வெட்டிப் பார்க்கலாமே என்றவரைத் தடுத்தேன். அறுத்துக் காற்றுப்பட்டால் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காதிலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை அந்த இடத்தில் மேய்ச்சல் கிடையாது.

உடன் வேலை செய்யும் எல்லோரையும் ரப்பர் பூட்ஸ் போடச் சொன்னேன். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் உள்ளே நுழைந்துவிடும்.

அக்டோபர் 29

ஒரு எருமைக்குத் தொண்டை வீங்கி, மூச்சு கர்கர் என்றது. தொண்டை அடைப்பான். அன்று சந்தேகப்பட்ட அடைப்பான் வேறு, இது வேறு. உடனே ஆன்டிபயாடிக் போட்டு மற்றவற்றிடமிருந்து பிரித்துக் கட்டினோம். மழைக்கு முன் போட்டிருக்க வேண்டிய தடுப்பூசி இது. இப்போது போட்டால் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை கண்காணிப்புத்தான். 'அவசரகாலத்தில் என்ன உதவி வேண்டும்?' என்று கேட்கிறார்கள். அவசரம் வருமுன் எங்களைக் கூப்பிடுங்கள் என்பதே நான் கேட்கும் உதவி.

மாலையில் பெரியவரின் பசுவைப் பார்த்தேன். நாள் கணக்காகச் சேற்றில் நின்றதில் குளம்பிடுக்கில் புண், அதில் புழு. ஒவ்வொன்றாக எடுத்து மருந்து வைக்கும்வரை அவர் அதன் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். கன்று நன்றாகப் பால் குடிக்கிறது.

நாளை காலை ஆறு மணிக்கு மேட்டிலிருக்கும் மாடுகளுக்கு ஊசி. குளிர்பெட்டிக்கு ஐஸ் சொல்லிவைத்தாயிற்று.