டேங்கர் வந்து நிற்கும் அந்த அரைமணி நேரம்

கெமிக்கல் ஃபேக்டரி என்றால் எல்லோரும் ரியாக்டரை (வேதிவினை நடக்கும் கலன்) பார்த்துத்தான் பயப்படுவார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ரியாக்டருக்கு வெப்பமானி உண்டு, அலாரம் உண்டு, அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வு உண்டு, கண்ட்ரோல் ரூமில் அதையே பார்த்துக்கொண்டு ஓர் ஆளும் உண்டு. டேங்கர் லாரி சரக்கு இறக்கும் இடத்தில் என்ன இருக்கிறது? ஒரு ஹோஸ், பிளாண்டுக்குப் புதிதான ஒரு டிரைவர், ஷிப்ட் முடியும் அவசரத்தில் ஓர் ஆபரேட்டர்.

இது எனக்கு உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லாரி வந்திருந்தது. ஆசிட் குழாயும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற ப்ளீச் திரவம்) குழாயும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு, ஹோஸை மாட்டும் கப்ளிங்கும் ஒரே மாதிரி, பெயின்ட்டில் எழுதிய பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. ஹோஸை மாட்டியாகிவிட்டது, வால்வைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஹெல்ப்பர் பையன் ஒருவன், "அண்ணே, முந்தாநாள் ஹைப்போவை இதுலதானே இறக்கினோம்?" என்று கேட்டான். அவன் கேட்டிருக்காவிட்டால் ஆசிட் நேராக ஹைப்போ டேங்கில் விழுந்து, அந்த நிமிடமே குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பியிருக்கும். அந்த வேலைக்கான பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். இறக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்தபடியே போட்டிருந்தேன்.

எங்களுக்குத் தப்பியது மற்றவர்களுக்குத் தப்பவில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஆட்சிசன் நகர ஆலை ஒன்றில் சல்ஃப்யூரிக் ஆசிட் இதே போல ஹைப்போ டேங்குக்குள் போய்விட்டது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒன்றரை அடிதான். ஆபரேட்டர் ஆசிட் குழாயின் பூட்டைத் திறந்துகொடுத்துவிட்டுப் போனார், பக்கத்து ஹைப்போ குழாயும் பூட்டாமல் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாயு மேகம் ஊருக்குள் போய் 140 பேருக்கு மேல் சிகிச்சை தேடி ஓட வேண்டியதாயிற்று. அங்கே யாரும் முட்டாள் இல்லை. ஒரே மாதிரி இரண்டு குழாயை அருகருகே வைத்தால் என்றோ ஒருநாள் யாரோ மாற்றி மாட்டத்தான் செய்வார்கள்.

அதனால்தான் "கவனமாக இருங்கள்" என்று போர்டு எழுதி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கப்ளிங்கை மாற்றுங்கள், ஆசிட் ஹோஸ் ஹைப்போ குழாயில் மாட்டவே முடியாத மாதிரி. ஒவ்வொரு குழாய்க்கும் தனிப் பூட்டு, சாவி கண்ட்ரோல் ரூமில். சாவி வாங்க வருகிறவர் லாரியின் பேப்பரைக் காட்ட வேண்டும், சாவி கொடுப்பவர் ஹோஸ் மாட்டி முடியும்வரை கூடவே நிற்க வேண்டும். அப்புறம், தூரத்திலிருந்தே ஓட்டத்தை நிறுத்த ஒரு சுவிட்ச். வாயு கிளம்பிய பிறகு லாரி வால்வு பக்கம் போய் மூடுவது நடக்காத காரியம்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். "ஹைப்போ" என்றால் எங்கள் பிளாண்டில் சோடியம் ஹைப்போகுளோரைட், ஆனால் லேபில் இருப்பவர் சோடியம் தயோசல்ஃபேட்டைத்தான் ஹைப்போ என்பார். ஆசிட் பட்டால் முதலாவதிலிருந்து குளோரின் வரும், இரண்டாவதிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு வரும். டேங்கின் மேல் முழுப் பெயரையும் எழுதுங்கள், செல்லப் பெயர் வேண்டாம்.

ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உள்ள பாதுகாப்புத் தகவல் தாளில் மொத்தம் 16 பிரிவுகள். பெரும்பாலானவர்கள் 8-ஆவது பிரிவைத் திறந்து எந்தக் கையுறை, எந்த மாஸ்க் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். 10-ஆவது பிரிவைப் படியுங்கள், எதோடு எது சேரக்கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. பிளாண்டில் உள்ள எல்லாப் பொருளையும் கட்டம் போட்டு, எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரே அட்டையாக எழுதி இறக்கும் இடத்திலேயே மாட்டினோம். ஒரு வாரம் ஆனது, என் வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாஸ்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபில்டர் மாஸ்க் ஓர் அளவுக்குத்தான் தாங்கும், குளோரின் மேகத்துக்குள் போக சிலிண்டரோடு உள்ள மூச்சுக்கருவிதான் வேண்டும். அதை இறக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் பூட்டி வைத்தால் என்ன பயன்? குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோடு படர்ந்து முதலில் அந்த அறைக்குத்தான் போகும். அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடத்தில் வைத்தோம், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒன்றாவது கைக்கு எட்டும்.

புதுக் கப்ளிங் போட்ட அன்று அந்த ஹெல்ப்பரையே கூப்பிட்டு, ஆசிட் ஹோஸை ஹைப்போ குழாயில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் எல்லா விதத்திலும் முயன்றான். மாட்டவில்லை.