குருமாவில் கசகசா

"இதில் கசகசா இருக்கா?"

மதிய இடைவேளையில் குருமா டப்பாவைத் திறந்ததும் உடன் வேலை செய்யும் நர்ஸ் கேட்டார். இருக்கிறது என்றேன். வெறும் சப்பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

காரணத்தை அவரே சொன்னார். (எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர். இங்கே ஃப்ளோரிடாவில் இப்படிப்பட்ட நர்ஸ்களுக்காக 1983 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. லைசென்ஸைப் பறிப்பதற்குப் பதில் சிகிச்சை, அப்புறம் பல வருடக் கண்காணிப்பு.

தினமும் பார்க்க வேண்டும், இன்று சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைப்பு உண்டா என்று. பார்க்க மறந்தால் அதுவே மீறல்.

கசகசாவில் ஒட்டியிருக்கும் துளி மார்ஃபின்கூட (அபினிலிருந்து வரும் வலி மருந்து) சோதனையில் தெரிந்துவிடலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் கூடாது. ஒரு குருமாவுக்காக யார் லைசென்ஸைப் பணயம் வைப்பார்கள்?

சோதனைச் செலவு அவருடையது. வேலையில் சில காலம் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற பழக்கமாகக்கூடிய வலி மருந்துகளைத் தொட அனுமதி கிடையாது. அதனாலேயே பல இடங்களில் வேலை கிடைக்கவில்லை.

நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்தை ஒரு நர்ஸ் எடுத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. கண்காணிப்பு வேண்டும், கடுமையாகவே வேண்டும்.

ஆனால் சம்பளம் நின்றுபோன நேரத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் நீயே பணம் கட்டு என்றால், யார் தானாக முன்வந்து உதவி கேட்பார்கள்? மறைத்துக்கொண்டே வேலை செய்வார்கள். நோயாளிக்கு ஆபத்தும் அங்கேதான்.

அந்தக் கட்டணத்தையாவது மருத்துவமனைகளும் லைசென்ஸ் கொடுக்கும் நர்சிங் போர்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.