சாப்பாட்டு ரசிகருக்குத் தீபாவளிக்கு என்ன கொடுப்பது?

தீபாவளிக்கு முதல் நாள் மாலைக்குள் எல்லா வீட்டிலும் இனிப்பு டப்பாக்கள் அடுக்கி நின்றுவிடும். அலுவலகத்தில் தந்தது, சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டில் தட்டில் வைத்துக் கொடுத்தது எல்லாம் சேர்ந்திருக்கும். ருசி பார்த்துச் சாப்பிடத் தெரிந்தவருக்கு அதன்மேல் இன்னொரு அரைக்கிலோ மிக்சட் ஸ்வீட் எதற்கு? பண்டிகைக் கூட்டம் கலைந்து பத்து நாள் கழித்தும் அவர் ஆசையாகக் கையில் எடுக்கிற பொருளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் காசை விட விசாரிப்பு அதிகம் தேவை. அவர் வீட்டில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? எத்தனை பேர்? சைவமா? சர்க்கரை நோய் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா? இந்த நான்கும் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஐப்பசி மழை. தமிழ்நாட்டில் தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. காற்றில் ஈரம் ஏறியிருக்கும். முறுக்கு நமத்துப் போவதும், கருப்பட்டி கசிவதும், மசாலாப் பொடி கட்டி தட்டுவதும் இதனால்தான். எதைக் கொடுத்தாலும் காற்றுப் புகாத டப்பாவில் கொடுங்கள். அட்டைப் பெட்டி கண்ணுக்கு அழகு, பண்டத்துக்குப் பகை.

முதலில் காபி. ருசி தெரிந்தவருக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் குறைவு. கடையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை காபி, சிக்கரி கலவை. அப்படி விற்பதில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் விகிதமும் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. வாங்குமுன் அந்த எண்ணைப் படியுங்கள். நல்ல பரிசு என்றால் கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் காபிக் கொட்டையும் பாதிக்குப் பாதி, சிக்கரி பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் சொல்லி வாங்குவது. ஆனால் அவர் வழக்கமாக எதைக் குடிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக 60:40 குடித்த நாக்குக்குச் சிக்கரி இல்லாத காபி தண்ணீராகத் தெரியும். டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மையும் கருநிறமும் தருவதில் சிக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் காபிப் பொடியில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். அப்படிப்பட்ட பொடி கொடுத்தால் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், கடையில் ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லுங்கள்.

அளவு 200 கிராம் போதும். இருவர் காலையும் மாலையும் குடிக்கும் வீட்டில் ஏறக்குறைய பத்து நாளைக்கு வரும். தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு கிலோ கொடுத்தால் கடைசி முக்கால் கிலோவில் மணம் இருக்காது. அரைத்த பொடி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிப்போகும். ஃப்ரிட்ஜும் காப்பாற்றாது. திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் உட்காரும், பக்கத்தில் இருக்கும் பூண்டு வாசனையும் ஏறும். அரைத்த தேதியை டப்பாவில் எழுதிக் கொடுப்பது நல்லது.

ஃபில்டரையும் சேர்த்துக் கொடுப்பதானால் பெரியதாகப் பார்த்து வாங்காதீர்கள். ஆறு பேருக்கான ஃபில்டரில் இரண்டு பேருக்குப் பொடி போட்டால் அது மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும், தண்ணீர் சாரம் இறக்காமல் ஓடிவிடும். இருவருக்குக் காலைக்கும் மாலைக்கும் சேர்த்து மூன்று குவித்த மேசைக்கரண்டிப் பொடி, 150 மில்லி கொதிநீர் என்று வைத்துக்கொண்டால், மேல் பாத்திரத்தில் பொடி மூன்றில் ஒரு பங்காவது நிற்க வேண்டும். வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் ஒரே அளவில், பிசிறில்லாமல் இருக்க வேண்டும். மேலும் கீழும் மிக இறுக்கமாகப் பொருந்தினாலும் தொல்லை. அடியில் உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டுவது பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் மேல் பாத்திரத்தை ஒரு நூல் உயர்த்தி வைத்தால் மறுபடி இறங்கும். துளை அடைத்துக்கொண்ட எவர்சில்வர் ஃபில்டரை வெறும் தீயில் சில நொடி காட்டித் தட்டினால் கருகிய பொடி உதிரும். பித்தளையில் இதைச் செய்யக் கூடாது, பூச்சு போய்விடும். பித்தளை டபரா டம்ளர் கொடுக்க ஆசையென்றால் உட்புறம் வெள்ளீயம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள்.

தேநீர்க்காரர் என்றால் நீலகிரியின் பனிக்கால இலை அருமை. ஆனால் அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான உறைபனி நாட்களில் பறிப்பது. பொங்கலுக்கோ அதற்குப் பின்னாலோ புது இலை கிடைக்கும், தீபாவளிக்குக் கிடைப்பது போன பருவத்துச் சரக்கு.

அடுத்து, கையால் செய்து கொடுக்கக்கூடிய ஒன்று: தீபாவளி லேகியம். கடைச் சரக்கில் பலவற்றில் வெல்லம்தான் முன்னால் நிற்கிறது. வீட்டில் கிளறியது ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போனால் அதைப் பெறுகிறவர் மறக்க மாட்டார். ஏறக்குறைய 400 கிராம் வர: ஓமம் 20 கிராம், சுக்கு 20, தனியா 15, சீரகம், மிளகு, அரிசித்திப்பிலி, கண்டதிப்பிலி தலா 10 கிராம். இந்தப் பொடி மொத்தம் 95 கிராம். அதற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு, 200 கிராம் பாகு வெல்லம். நெய் 3 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 3, தேன் 2.

சுக்கை முதலில் இடித்துத் துண்டாக்குங்கள், அப்படியே போட்டால் மிக்ஸி பிளேடு தாங்காது. கண்டதிப்பிலியை ஒடித்து ஒரு துணுக்கை மென்று பாருங்கள். நாக்கில் சுரீரென்று ஏற வேண்டும், ஏறாவிட்டால் பழைய சரக்கு. எல்லாவற்றையும் வெறும் வாணலியில் சூடு ஏறும் வரை மட்டும் புரட்டி, ஆறவைத்து அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சலிக்காமல் விட்டால் கண்டதிப்பிலி நார் பல்லில் மாட்டும். வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றுங்கள். இதற்குக் கம்பிப் பதம் வேண்டாம். பச்சை வாசனை போய், விரலில் தொட்டால் பிசுபிசுப்பு வந்தால் போதும். தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக்கொண்டே கிளறி, நெய்யையும் எண்ணெயையும் மாற்றி மாற்றி விடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஆனாலும் கரண்டியிலிருந்து மெதுவாக வழிய வேண்டும். அந்த இடத்தில் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும். அடுப்பிலேயே அல்வா பதம் வரும் வரை வைத்திருந்தால் மறுநாள் கல்லாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு ஸ்பூன் வெந்நீரும் ஒரு ஸ்பூன் நெய்யும் விட்டுச் சிறுதீயில் திரும்ப இளக்கலாம். மாறாக, நீர்ப்பதமாக இறக்கினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தேன்.

தீபாவளிக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகக் கிளறி வைத்தால் காரம் சற்றுத் தணிந்து சேர்ந்துகொள்ளும். பாட்டிலைக் கழுவி வெயிலிலோ அடுப்படிச் சூட்டிலோ நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள், ஈரக் கரண்டி படக் கூடாது என்று சீட்டு ஒட்டுங்கள். எண்ணெய்க் குளியல் முடிந்து வெறும் வயிற்றில் சின்ன நெல்லிக்காய் அளவு, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு 'வெல்லம்தானே' என்று கொடுக்காதீர்கள், வெல்லமும் சர்க்கரையே. வயிற்றுப் புண் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் இது வேண்டாம்.

பாத்திரம் கொடுப்பதில் ஆசை அதிகம், ஆபத்தும் அதிகம். ரசத்துக்கு ஈயச் சொம்பு என்றால் சமையல் பிரியர் முகம் மலரும். அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் சூடு நூறுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பைத் தீயில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் அடி போய்விடும். தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், தீ அடிப்பாகத்தைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. நுரைத்து எழும்போதே அணைத்துவிட வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சொம்புக்குள்ளேயே போட்டுக் கொடுங்கள். வாங்குவதில் பயம் காரீயக் கலப்பு. காரீயம் உடம்புக்கு விஷம். கையில் கனம் அதிகமாக இருக்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கறுப்பு விழும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. உலோகச் சோதனை அறிக்கை காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

கல்சட்டிக்கு அந்தப் பயம் இல்லை, பொறுமைதான் வேண்டும். பழக்காத புதுச் சட்டியைத் தீயில் வைத்தால் விரிசல் விடும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு ஒரு வாரம் தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி மறுநாள் மாற்றி, கடைசியில் சிறுதீயில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும். நீங்களே பழக்கிக் கொடுத்தால் பரிசின் மதிப்பு இரட்டிக்கும், எனவே இரண்டு வாரம் முன்னதாக வாங்குங்கள். வற்றல் குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் அதில் சில நிமிஷம் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் வழக்கத்தை விட முன்பே அணைக்கச் சொல்லுங்கள். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது, விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கல்சட்டியும் ஈயச் சொம்பும் இண்டக்‌ஷனில் சூடேறாது. அந்த வீட்டுக்கு அடி சமமான இரும்புத் தோசைக்கல்தான் சரி.

ஊர்ப் பண்டங்கள் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கெடும் காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரியது, ஆயுள் சிறியது. பாலின் ஈரம் இருப்பதால் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, சில நாளில் தீர்க்கச் சொல்ல வேண்டிய பண்டம். கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020) நேர் எதிர்: கூரியரில் குலுங்கினாலும், இரண்டு வாரம் கழித்துப் பிரித்தாலும் மொறுமொறுப்பு குறையாது. வெளியூர் நண்பருக்கு என் முதல் தேர்வு இதுதான். மணப்பாறை முறுக்கும் (2023) போகும், ஆனால் நன்றாக ஆறிய பிறகு அடைத்ததா என்று பாருங்கள். சூட்டோடு கட்டினால் டப்பாவுக்குள் நீர் கோத்து நமத்துவிடும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. இதைத் தெரியாமல் சைவ வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. தவிர மழைக்காற்று பட்டால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கும். சாத்தூர் சேவு எங்கேயும் செல்லுபடி.

சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதியைக் கடையில் வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. தேதி இல்லாத தட்டிலிருந்து பரிசுக்கு எடுக்காதீர்கள்.

கருப்பட்டியும் நல்ல பரிசு, பார்த்து வாங்கினால். பதநீர் இறக்கும் காலம் கோடை. ஐப்பசியில் விற்பது சேமித்து வைத்த சரக்கு, அதில் குற்றமில்லை. உடைத்துப் பாருங்கள்: உள்ளே சர்க்கரை போல் பளபளவென்று படிகம் மின்னினால் சந்தேகப்படுங்கள். அரைக்கிலோ கருப்பட்டியோடு, சுக்கும் தனியாவும் கொஞ்சம் மிளகும் இடித்த பொடி 100 கிராம் வைத்தால் மழைநாள் சுக்குமல்லிக் காபிக்கு எல்லாம் தயார். இட்லிப் பிரியருக்கு மரச்செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டரும் இட்லிப் பொடி கால் கிலோவும். பொடியில் பூண்டு சேர்க்காதீர்கள், சேர்த்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

கூரியரில் அனுப்புவதானால் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகப் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் பார்சல்கள் தேங்கி நிற்கும், மழை வேறு. எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். பொடியும் காபியும் அதே பெட்டியில் போகிறதென்றால் ஒவ்வொன்றும் தனி டப்பாவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் காபியில் பெருங்காயம் மணக்கும்.