ஒரே மரத்தின் ஏடுகள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

தாத்தாவின் பழைய வீட்டை இடித்தபோது நிலைக்கதவை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வைரம் பாய்ந்த தேக்கு. இன்று திருவரங்கத்துப் புது வீட்டு வாசலில் அதைப் பொருத்திவிட்டார்கள். இனி உள்ளே வரப்போகும் மூன்று படுக்கையறைக் கதவுகளும் இரண்டு அலமாரிகளும் அதற்குச் சொந்தமாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் முழுத் தேக்கில் செய்யக் கையில் பணம் இல்லை. மரம்போல அச்சடித்த லேமினேட்டில் மனம் ஒட்டவில்லை. ஒரே கணு பலகைக்குப் பலகை அதே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே பலகையின் மேல் மெல்லிய தேக்கு ஏட்டை ஒட்டும் வெனீர்தான்.

"காகிதம் ஒட்டிய கதவா?" என்று அப்பா முகம் சுளித்தார். ஆசாரி ஒரு துண்டை எடுத்து விளிம்பைக் காட்டினார். மொத்தம் 4 மில்லிமீட்டர். அதில் மேலே உள்ள அரை மில்லிமீட்டர்தான் தேக்கு. "பாலின் மேல் படியும் ஏடு மாதிரி ஐயா. ஏடும் பால்தானே?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

கடையில் உள்ளங்கை அளவு மாதிரிகளைப் பரப்பினார்கள். அதைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 8க்கு 4 அடி முழுத் தாள்களை நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். மரத்தைச் சீவும் விதத்தில்தான் வரி மாறுகிறது. 'கிரவுன் கட்' முறையில் வரிகள் கோபுரம் கோபுரமாக எழுகின்றன; 'குவார்ட்டர் கட்' முறையில் மழைக்கம்பிபோல நேராக இறங்குகின்றன. கதவுகளுக்கு நேர்வரி, பெரிய அலமாரிக்குக் கோபுர வரி என்று தீர்மானித்தேன். ரீகான் என்ற வகையையும் காட்டினார்கள். வேகமாக வளரும் மரத்தைச் சீவி, சாயமேற்றி, அடுக்கி ஒட்டி, மறுபடியும் சீவி எடுப்பது. எந்தத் தாளை எடுத்தாலும் ஒரே முகம். அலுவலகத்துக்குச் சரி, என் வீட்டுக்கு வேண்டாம்.

நேர்வரியில் ஏழு தாள்கள் தேவை. ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவியவை ஆறுதான் இருந்தன. ஏழாவது வேறு மரம், சிவப்போடியது. "பாலிஷில் சரியாகிவிடும்" என்று அதைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். மறுத்துவிட்டேன். சின்ன அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்ட் போதும். ஒட்டாத உறவு வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை வெயில் கூடத்துக்குள் வரும் நேரத்தில் தாள்களை நிலைக்கதவின் பக்கத்தில் நிறுத்தினோம். ஆசாரி ஈரத்துணியால் ஒரு கீற்று துடைத்தார். வைக்கோல் நிறத்தில் இருந்த இடம் சட்டென்று தேன் நிறமாகி, வரிகள் அடியிலிருந்து எழுந்து வந்தன. நிறமில்லாத பாலிஷ் அடித்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அரை நிமிடத்தில் உலர்ந்து மறைந்துவிட்டது. நான் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொன்னேன்.

ஆனாலும் பழைய கதவோடு பார்த்தால் வெளிறித்தான் தெரிகிறது. சாயம் கலந்து இன்றைக்கே பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார் பாலிஷ்காரர். ஆசாரி தலையசைத்து மறுத்தார். "தேக்கு வெளிச்சம் பட்டுத் தானாகவே நிறம் ஏறும் அம்மா. இன்றைக்குச் சாயம் ஏற்றிவிட்டால் பிறகு அதைவிடக் கறுத்துப் போகும்." அதே வெளிச்சத்துக்காகத்தான் தாள்களை முழுதாகத் துணியால் மூடி வைத்தார். பாதி மூடி, பாதி திறந்து கிடந்தால் நடுவில் கோடு விழுந்துவிடுமாம். சாயம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காத்திருக்கலாம்; தாத்தாவின் கதவும் ஒரே நாளில் அந்த நிறத்துக்கு வந்துவிடவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கதவின் இரண்டு பக்கமும் வெனீர் ஒட்டியாகிவிட்டது. உறவினர் வீட்டில் ஒரு பக்கம் வெனீர், மறுபக்கம் வெறும் பெயிண்ட் என்று விட்டார்கள். முதல் மழைக்காலத்திலேயே கதவு வில்லாக வளைந்தது. விளிம்பெல்லாம் தேக்குப் பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி. சமையலறையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கதவுகளுக்கு மட்டும் லேமினேட்.

பெரிய அலமாரியின் துண்டுகளுக்குப் பின்னால் சாக்கட்டியால் எண்ணும் மேல்நோக்கிய அம்பும். இது தவறினால் கோபுரம் தலைகீழாகிவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று மனம் கனத்தது. இயந்திரத்தில் உப்புத்தாள் போட்ட பையன் ஒரு விநாடி அதிகமாக அழுத்திவிட்டான். இரண்டாவது அறைக் கதவின் கீழ்மூலையில் நகம் அளவுக்குத் தேக்கு கரைந்து அடிப்பலகை வெளுத்துத் தெரிகிறது. அரை மில்லிமீட்டர் எவ்வளவு குறைவு என்று இப்போதுதான் கண்ணால் கண்டேன். பையன் அழும் நிலையில் நின்றான்; நான் திட்டவில்லை. கீல் இன்னும் பதிக்காததால் அந்த முகத்தை அறைக்குள் திருப்பிக்கொண்டோம். விளிம்புகளுக்கு இனிக் கையால் மட்டுமே தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ், பளபளப்பு இல்லாத மேட் வகை. கண்ணாடிபோல மின்னினால் வரியைவிட ட்யூப்லைட்தான் முதலில் தெரியும். அலமாரியின் கீழ் இழுப்பறையில் தொடங்கும் கோபுரம் முறியாமல் மேல்கதவு வரை ஏறுகிறது. அப்பா வந்தார். அதன் மேல் கை வைத்து, வரியோடு மெதுவாக மேலே கொண்டுபோனார்.

நாளை கைப்பிடிகள் வருகின்றன. துளை போடுவதற்கு முன்னால் நானே நின்று இடம் குறிக்க வேண்டும். கோபுரத்தின் உச்சியில் துளை விழக் கூடாது.